புதன்கிழமை டப்பா

எங்கள் அண்ணன் மறைந்து ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் எல்லோரும் அவரை நல்ல மனிதர் என்பீர்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் இருபத்தொரு வருடம் என்னை ஏமாற்றியவரும் அவர்தான். கூடப்பிறந்தவள் என்ற உரிமையில் அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்த எங்கள் அப்பாவுக்கு, அல்சூரில் ஒரு வரிசை வீட்டில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார் அண்ணன். அவருக்குப் பதினேழு வயது நடக்கும்போது அப்பா போய்விட்டார். படிப்பை விட்டுவிட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனார். பிறகு ஒரு தொழிற்சாலையில் நிரந்தர வேலை கிடைத்தது. என்னைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தன் கல்யாணப் பேச்சையே எடுக்கவிட்டார். லிங்கராஜபுரத்தில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெரு. அவர் வேலைக்குப் போகும் பஸ் என் வீட்டுக்கு எதிரில்தான் நிற்கும்.

அண்ணனுக்கு நாக்கு நீளம். பேச்சில் அல்ல, சாப்பாட்டில். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு என்றால் இரண்டு தட்டுச் சோறு உள்ளே போகும். ஊறுகாய் இல்லாமல் தயிர் சோற்றைத் தொடமாட்டார். சாம்பாரில் உப்பு சரியாக இருந்தாலும் ஒரு சிட்டிகை மேலே தூவிக்கொள்வார். அப்படிப்பட்டவர் வீட்டில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உப்பு ஜாடி பரணுக்குப் போனது.

அண்ணி ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்தார். ரத்த அழுத்தம் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. அண்ணியின் அம்மா இதே நோயில் பக்கவாதம் வந்து, நாற்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தவர். இப்படியே விட்டால் இவருக்கும் அதே கதிதான் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றும் கூடவே கூடாது என்றார். அப்போது அவர்கள் மகனுக்கு ஆறு வயது.

மறுநாளே அண்ணன் சமையலறைக்குள் நுழைந்துவிட்டார். உப்பை ஒரேயடியாக நிறுத்தவில்லை. முதல் மாதம் பாதியாக்கினார், அடுத்த மாதம் அதிலும் பாதி. ருசி குறைந்த இடத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்தார். மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்துத் தூவினார். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாவிடம் ராகி முத்தே என்னும் கேழ்வரகுக் களியைக் கிண்டக் கற்றுக்கொண்டு, கீரை மசியலோடு அதைத் தட்டில் வைத்தார். ஷிப்ட்டுக்குப் போகுமுன் காய் நறுக்கிவைத்துவிட்டுத்தான் சட்டை மாட்டுவார். நடுவில் யாரோ பேச்சைக் கேட்டு, கீரையும் வாழைத்தண்டும் இருக்கும்போது மாத்திரை எதற்கு என்று ஆரம்பித்தார். அண்ணிதான் மசியவில்லை. மாத்திரையும் போடறேன், உங்க கீரையும் சாப்பிடறேன், எதையும் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே சாப்பிட உட்கார்ந்தேன். வாயில் வைக்க முடியவில்லை. மகனுக்கு மட்டும் தட்டின் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு இருந்தது. அண்ணன் தட்டில் அதுவும் இல்லை. அந்த மனிதர் ஏதோ விருந்து மாதிரி ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கை கழுவ எழுந்து போனதும் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க நோய்க்கு எங்க அண்ணன் எதுக்கு வாயக் கட்டணும்?"

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அதோடு விட்டேனா? அடுத்த புதன்கிழமை நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து, ஒரு எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி, இரண்டாம் ஷிப்ட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற அண்ணன் கையில் திணித்தேன். வீட்டில் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் டப்பா பளபளவென்று கழுவித் திரும்பி வந்தது. பிறகு வாராவாரம் புதன்கிழமை என்று வழக்கமாகிவிட்டது. அண்ணனை நான்தான் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு ஒரே பெருமை. நடுவில் அண்ணியோடு முகம் கொடுத்துப் பேசுவதையும் குறைத்துக்கொண்டேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற ஓராண்டு இருக்கும்போது, ஒரு காலையில் வாழைத்தண்டை நறுக்கி மோரில் போட்டுவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துக்கம் கேட்க வந்த ஒருவர், இவ்வளவு பார்த்துச் சாப்பிட்டு என்னத்தைக் கண்டார் என்றார். அவர் தனக்காகச் சாப்பிட்டிருந்தால் அந்தக் கேள்வி சரி. அண்ணிக்கு இன்று ஐம்பத்திரண்டு வயது. தன் அம்மாவின் வயதைத் தாண்டிவிட்டார். போன மாதம் பேரனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார்.

துக்கத்துக்கு வந்தவர்களில் அண்ணனோடு ஒரே மிஷினில் வேலை பார்த்த கன்னட நண்பரும் ஒருவர். நான்தான் தங்கை என்று தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"புதன்கிழமை டப்பா நீங்க அனுப்பறதுதானேம்மா? இத்தனை வருஷமா நாங்கதான் தின்னோம். அவர் தொடமாட்டார். மூடியத் திறந்து ஒருவாட்டி மோந்து பாப்பார், அப்புறம் எங்க பக்கம் தள்ளிடுவார். கேட்டா, வீட்ல அவளுக்கு இல்லாதது எனக்கு எதுக்குப்பாம்பார். வேணாம்னு சொன்னா தங்கச்சி மனசு நோகும்னு வாங்கி வருவாராம்."

அன்று மாலையே அண்ணியிடம் போய் உட்கார்ந்து, டப்பா கதையை முதலிலிருந்து சொல்லி அழுதேன். அண்ணியின் முகம் மாறியது. டப்பா விஷயம் அவருக்கு முதல் வாரமே தெரியுமாம், பையில் வாசனை வருமே. வாரத்தில் ஒரு நாளாவது வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டும் என்று தெரியாத மாதிரியே இருந்துவிட்டாராம்.

"அப்ப அவர் சாப்பிடவே இல்லையா, செல்வி?" என்று மட்டும் கேட்டார். இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம், நடுவில் சிரிப்பும் வந்தது.

இந்த மலர் வழியாக நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டிவந்த எதிர்வீட்டுத் தம்பிக்கு, காரியங்கள் முடியும்வரை கூடவே நின்ற தொழிற்சாலை நண்பர்களுக்கு, முத்தே கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு, இன்றும் அண்ணியைக் கவனித்துக்கொள்ளும் டாக்டரம்மாவுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு நான் நன்றி சொன்னால் போதாது. அன்று கேட்ட கேள்விக்காக உங்கள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

முப்பதாம் நாள், இறந்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது எங்கள் வழக்கம். அண்ணி என்னைக் கூப்பிட்டு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை நீயே வை, உப்பைக் குறைக்காதே என்றார். படையலுக்குச் சமைப்பதை ருசி பார்க்கக் கூடாது. கை பழகிய அளவில் போட்டேன். கும்பிட்டு முடிந்ததும் அண்ணன் இலையைப் பங்கிட உட்கார்ந்தோம். அண்ணி குழம்புக் கிண்ணத்தைக் கையில் எடுத்து, ஒருமுறை மோந்து பார்த்தார். பிறகு அதை என் பக்கம் தள்ளிவிட்டார்.