கப்பலம்மா

எங்கள் பக்கத்தில் அதுவரை கப்பலேறியது மானம் ஒன்றுதான். வல்லக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் ஏரி. ஏரி என்றால் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் மேயும் மாடு யாருடையது என்று சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து என் ஓர்ப்படி செங்கமலம், 1991 டிசம்பரில், வெள்ளைக்காரர்கள் போகிற சின்னச் சொகுசுக் கப்பல் ஒன்றில் மூன்று நாள் போய்விட்டு வந்தாள். என் நான்கு வயது மகள் பிரவீனாவையும் கூட்டிக்கொண்டு போனாள். அதைத்தான் எழுதப் போகிறேன். நான் பால்வாடி டீச்சராக இருந்தவள், எழில் டீச்சர் என்றால் ஊருக்கே தெரியும். எனக்குக் கோபம் வரும்போது சீக்கிரம் வந்துவிடும், போவதற்குத்தான் நாளாகும் என்பதும் தெரியும்.

செங்கமலம் அக்காவின் கணவர் பரசுராமன், என் கணவருக்கு அண்ணன். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே வீடு, இரண்டு அடுப்பு. அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், குழந்தை இல்லை. கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டை முருகனிடம் நடந்தே போய் வருவாள். பேச்சு குறைவு, கனவு அதிகம். நாற்று நடும்போது தலைக்கு மேல் விமானம் போனால், அது மறைகிற வரைக்கும் நிமிர்ந்து நிற்பாள். "அதுல கீறவங்களுக்கு நாம தெரிவோமா எழிலு?" என்று கேட்பாள். பக்கத்து வரிசையில் நடுகிறவர்கள் நான்கு முழம் முன்னே போயிருப்பார்கள்.

மாமாவுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மோட்டார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை. ஆயுதபூஜை அன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து, வாழை கட்டி, ஆளுக்கொரு பொரி பாக்கெட் கொடுத்து, கடைசியில் குலுக்கல் போடுவார்கள். முதல் பரிசு வழக்கமாகக் குக்கர், மிஞ்சிப்போனால் ஃபேன். அந்த வருஷம் கம்பெனிக்கு மெஷின் விற்ற வெளிநாட்டுக்காரர்கள் கப்பல் டிக்கெட் ஒன்றைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். சீட்டில் மாமாவின் பெயர் வந்தது.

டிக்கெட்டோடு இருந்த காகிதம் இங்கிலீஷில் இருந்தது. மாமாவோடு ஒரே லைனில் வேலை பார்த்த தாண்டவராயன் பத்தாவது பாஸ் என்பதால் அவரே படித்துச் சொன்னார்.

"புருஷன், பொண்டாட்டி, அஞ்சு வயசுக்குள்ள சொந்தக் கொழந்த ஒண்ணு. மூணு பேரும் போனாத்தான் செல்லும்னு போட்டுகீது. உனக்குத்தான் கொழந்த இல்லியே நைனா, எனக்கு வந்த மிக்ஸிய எடுத்துக்கினு இத எனக்குக் குடு."

மாமா மாற்றிக்கொள்ளத் தயாராகத்தான் வீட்டுக்கு வந்தார். அவருக்குக் கப்பலைவிடச் சட்னி பிடிக்கும். ஆனால் அக்கா டிக்கெட்டை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு என் அடுப்புப் பக்கம் வந்தாள். வந்து, நான் தோசை திருப்புகிற வரைக்கும் காத்திருந்தாள்.

"எழிலு, பாப்பாவ மூணு நாளு எனக்குக் குடு."

"குடுன்னா இன்னாக்கா அர்த்தம்?"

"கப்பலுக்குத்தான். திருப்பிக் குடுத்துடறேன். பதினோரு வருசமா என்னை யாரும் அம்மான்னு கூப்ட்டதில்ல. கப்பல்ல அது கூப்ட்டுதான் ஆவணும், பேப்பர்லயே சொந்தக் கொழந்தன்னு போட்டுகீது."

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் முடியாது என்று எந்த வாயால் சொல்வது? பிரவீனா பிறந்து நாற்பது நாள் நான் காய்ச்சலில் கிடந்தேன். பெற்றது நான், குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, சங்கில் பால் புகட்டி உயிரோடு வைத்திருந்தது அவள். சரி என்று சொன்னேன். தோசை தீய்ந்துபோயிருந்தது.

அந்த வருஷம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்று சொன்னாலே போலீஸ்காரர்கள் ஒருமுறைக்கு இருமுறை ஏற இறங்கப் பார்த்தார்கள். துறைமுகத்தில் கட்டாயம் விசாரிப்பார்கள், சொந்தக் குழந்தை இல்லை என்று தெரிந்தால் இறக்கிவிடுவார்கள் என்று மாமா நடுங்கினார். அதனால் தினமும் சாயங்காலம் வீட்டில் ஒத்திகை நடந்தது.

"பாப்பா, நான் யாரு?"

"பெரீப்பா."

"கப்பல்ல?"

"அப்பா!"

"இவங்க?"

அதற்கு மட்டும் பிரவீனா பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்ப்பாள். நான் அரிசியில் கல் பொறுக்குவேன்.

இனி சொல்லப்போவதை நான் முப்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொன்னதில்லை. கிளம்புகிற அன்று காலையில் குழந்தைக்கு இரட்டைப் பின்னல் போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டே காதில் சொன்னேன். "பெரீம்மாவ மட்டும் அம்மான்னு கூப்டாத கண்ணு. கூப்ட்டா அம்மா செத்துடுவேன்." கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நிதானமாக, ரிப்பன் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னேன். குழந்தை சரி என்று தலையை ஆட்டியது.

கப்பலில் நடந்ததெல்லாம் அக்கா சொல்லி நான் கேட்டதுதான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கடல் கொஞ்சம் அகலமாகும்.

துறைமுகத்தில் யாரும் எதுவும் விசாரிக்கவில்லையாம். வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் மூன்று பேருக்கும் மாலை போட்டு இளநீர் கொடுத்தாராம். மொத்தமே நாற்பது அறைகள்தான் அந்தக் கப்பலில். இவர்கள் அறையில் மெத்தை உட்கார்ந்த மாத்திரத்தில் உள்வாங்கியது. மாமா பயந்துபோய் மூன்று நாளும் தரையில் படுத்தார். துண்டை மடித்து அன்னப்பறவையாகச் செய்து கட்டில்மேல் வைத்திருந்தார்கள். பிரவீனா அதைப் பிரிக்கவே விடவில்லை, அதனால் அக்கா முந்தானையாலேயே குழந்தைக்குத் தலை துவட்டினாள். கப்பல் கிளம்பும்போது சங்கு ஊதியது. மாமா சட்டென்று எழுந்து தூக்குச்சட்டியைத் தேடினாராம். சங்கு ஊதினால் ஷிஃப்ட் என்றுதானே அவருக்குத் தெரியும்.

"கப்பல் போவவே இல்ல எழிலு," என்பாள் அக்கா. "அது சும்மா நின்னுக்கினுதான் கீது. கடலுதான் மெதுவா பின்னால போச்சு. கரையே இல்லாத ஏரி. எந்தப் பக்கம் பாத்தாலும் மாடு இல்ல, மனுசன் இல்ல. வெயிலு தண்ணி மேல நடந்து வருது. பாப்பா என் மடியில. எனக்கு நான் யாருன்னே மறந்துபோச்சு."

மேல்தளத்தில் பிரம்பு நாற்காலியில் அவள் பகல் முழுவதும் அப்படியே உட்கார்ந்திருப்பாளாம். குழந்தை தூங்கி எழும், பழம் தின்னும், மறுபடி தூங்கும். ஒருமுறை சொன்னபோது தண்ணீரிலிருந்து மீன்கள் எழும்பிப் பறந்தன. இன்னொரு முறை சொன்னபோது அவை கூட்டமாகக் கப்பலைச் சுற்றிவந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போயின. நான் குறுக்கே பேசவில்லை. அவள் பார்த்த கடல் அவளுடையது.

எல்லாம் இருந்தது, அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பிரவீனா முந்தானையைப் பிடித்து இழுப்பாள். மீன் பார்த்தால் "இந்தா, இங்க பாரு" என்பாள். மாமாவை வாய் நிறைய அப்பா என்று கூப்பிட்டாள். அக்காவை மட்டும் பெரீம்மா என்றும் சொல்லவில்லை, அம்மா என்றும் சொல்லவில்லை. இப்படியே இரண்டு நாள் போனது.

இரண்டாம் நாள் சாயங்காலம் குழந்தைகள் விளையாடும் அறைக்குப் போனார்கள். அங்கே பார்த்துக்கொள்ள இருந்த பெண் சந்திரம்மாள், ராயபுரத்துக்காரி. அவள் ஒன்றும் கேட்காமலே அக்கா, "எங்க சொந்தக் கொழந்ததான்" என்றாளாம். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். சந்திரம்மாள் சிரித்துவிட்டாள்.

"யாரு கொழந்தையா இருந்தா இன்னா? கூட ஒரு கொழந்தைய கூட்டியாரலாம்னுதான் டிக்கெட்ல போட்டுகீது. சொந்தம்னு எங்க கீது?"

தாண்டவராயன் படித்த பத்தாவது அவ்வளவுதான். இதைக் கேட்டதும் அக்கா மாமாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். இனிமேல் நடிக்க வேண்டாம் என்று குழந்தையை விட்டிருக்கலாம். அவள் யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது, ஒரு நாளைக்குள் ஒரு தடவையாவது கூப்பிடாதா என்று இருந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது.

மூன்றாம் நாள் விடியற்காலை வாடைக்காற்று கிளம்பிக் கப்பல் ஆடியது. மேஜைமேல் இருந்த டம்ளர் உருண்டு விழுந்தது. பிரவீனா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, "அம்மா!" என்று அலறினாள்.

அக்கா ஓடிப்போய் அணைத்துக்கொண்டாள். "இன்னா கண்ணு, அம்மா இங்கதான் கீறேன்."

"நீ இல்ல," என்றது குழந்தை. "எங்கம்மா."

இந்த இடத்துக்கு வந்தால் அக்கா நிறுத்திவிடுவாள். அப்புறம் என்ன ஆச்சு என்று நான் எத்தனை தடவை கேட்டாலும் சூரியனுக்குப் போய்விடுவாள். கடலுக்குள்ளிருந்து சூரியன் ஈரமாக எழுந்து வந்ததையும், அறைச் சுவர் குங்குமமாக ஆனதையும் சொல்லிக்கொண்டே போவாள். நானும் விட்டுவிடுவேன்.

இங்கே என் கதி? கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். கப்பல் ஒன்றும் கவிழவில்லை, ஜம்மென்று மிதந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்த மூன்று நாளும் கன்னத்திலிருந்து நான் கையை எடுக்கவில்லை. அந்த மெத்தையும் பழமும் பார்த்த குழந்தை என்னை மறந்துவிடும் என்று ஒரு பயம். குழந்தை அவளை அம்மா என்று கூப்பிட்டிருக்குமோ என்று இன்னொரு பயம். பால்வாடியில் மற்ற பிள்ளைகளைக் காரணமில்லாமல் திட்டினேன்.

நான்காம் நாள் மதியம் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பிரவீனா "அம்மா!" என்று ஓடிவந்து என் இடுப்பில் ஏறிக்கொண்டாள். ஏறி, இரண்டு கையாலும் என் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு மட்டும் தெரியும் அவள் எதைச் சரிபார்த்தாள் என்று. பார்த்து முடித்ததும் திரும்பி, டீக்கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"கப்பலம்மா! என் அன்னத்தக் குடு!"

டீக்கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அக்கா பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். கசங்கிப்போய்ப் பாதி கொக்காகிவிட்டிருந்தது. அவள் முகத்தை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கோ உள்ளே எரிந்தது. நான்கு வயதுக் குழந்தை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒரு பெயரைக் கண்டுபிடித்து என்னையும் சாகவிடாமல் அவளையும் குளிர்வித்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பஸ் கண்டக்டர் அப்படிக் கூப்பிட்டார், ரேஷன் கடையில் அப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு அவள் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலைக்குப் போனபோது, இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த தெற்கத்திப் பையன்கள்கூட "கப்பலம்மா, இன்னொரு கரண்டி சாம்பார்" என்றார்கள். அவளுக்குக் குழந்தை பிறக்கவே இல்லை. மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். பிரவீனா இன்றும் போனில் முதலில் என்னிடம் பேசிவிட்டு, "கப்பலம்மாகிட்ட குடும்மா" என்பாள். ஊரில் நான் ஒருத்திதான் அக்கா என்றே கூப்பிட்டு வந்தேன். அந்தப் பெயர் என் வாயில் வரவே இல்லை.

போன கிருத்திகைக்கு இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் வல்லக்கோட்டைக்குப் போனோம். சாமி பார்த்துவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்தோம். என்னவோ, அன்றைக்கு மனசு தாங்கவில்லை. ரிப்பன் கட்டிக்கொண்டே நான் குழந்தை காதில் சொன்னதை அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அக்கா பிரசாத வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். "தெரியும் எழிலு," என்றாள்.

"எப்பலேந்து?"

"கப்பல்லேந்து. 'நீ இல்ல, எங்கம்மா'ன்னு சொல்லிச்சுல்ல? சொல்லிட்டு என் வாயப் பொத்திக்கினு அழுவுது. 'உன்னை அம்மான்னு கூப்ட்டா எங்கம்மா செத்துடுமாம்'னு சொல்லுது. ரெண்டு நாளா அத மனசுல வெச்சிக்கினு சுத்திகீது பாவம்."

"அப்ப... அந்தப் பேரு?"

"நான்தான் சொல்லிக்குடுத்தேன். வெறும் அம்மான்னு சொன்னாத்தான் உங்கம்மாவுக்கு ஆவாது, முன்னாடி கப்பலப் போட்டுக்கோ, ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னேன். எனக்கு ஆசைய வுடவும் மனசு வரல, உன்னைச் சாவடிக்கவும் மனசு வரல."

நான் எரிந்துகொண்டிருந்த அத்தனை வருஷமும் அவள் இதைத் தெரிந்தே என்னோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். சூரியன் கதையைச் சொல்லிச் சொல்லி என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். பழத்தில் பாதியை என் கையில் வைத்தாள். தின்றுவிட்டு நான்தான் முதலில் எழுந்து, அவளுக்குக் கை கொடுத்தேன்.

"வா கப்பலம்மா," என்றேன். "ஆட்டோ போயிடப் போவுது."