அத்திப்பள்ளியில் படித்த ஓராண்டு

எந்தத் தாள் கைக்கு வந்தாலும் ஜெயமணி அக்கா முதலில் முத்திரையைத்தான் பார்ப்பார். பல வருடமாகப் பார்த்து வருகிறேன். பள்ளி மதிப்பெண் அட்டையோ, வருமானச் சான்றிதழோ, வட்டத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் எழுத்துக்குப் போவார். "சீல் இல்லாத காயிதத்த எதுக்குத் தாறீய?" என்று கம்பெனி சூப்பர்வைசரிடமே கேட்டவர்.

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர். அக்காவும் அவர் கணவர் மாடசாமியும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வரும்போது மகள் ஸ்வாதி கைக்குழந்தையாம். அக்காவுக்கு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில், சின்னப் பச்சைப் போர்டுகளில் ஈயம் வைக்கிற வேலை. நான் எட்டாவதோடு நின்றவள். யாரோடும் அதிகம் பேச மாட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது மட்டும் காதில் விழும்.

"நாள் முழுக்க போர்டு ஒட்டுதியே, அதுல எது எதுக்குன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரிஞ்சா என்னைய எதுக்குட்டி அங்க வச்சிருக்கப் போறாவ? பேசாம சாப்பிடு."

ஸ்வாதி எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று பத்தாவதிலேயே சொல்லிவிட்டாள். அதற்காகவே பதினொன்றில் கணக்குப் பாடம் உள்ள பிரிவை எடுத்தாள். பன்னிரண்டில் நல்ல மதிப்பெண். பொதுப் போட்டியில் அரசுக் கல்லூரி கிடைக்க அது போதாது. ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதில் வந்தால் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்ளும். ஸ்வாதி படித்ததெல்லாம் அரசுப் பள்ளிதான்.

"எதுக்கும் கலைக் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைம்மா, அங்கேயும் எலக்ட்ரானிக்ஸ் இருக்கு" என்று வகுப்பு ஆசிரியை சொல்லியிருக்கிறார். அக்கா கேட்கவில்லை. "அங்க ஒரு பிள்ளைக்குக் கெடைக்க வேண்டிய எடத்த நாம எதுக்குப் புடிச்சு வைக்கணும்?" என்றார். அவர் குணம் அப்படி.

ஒவ்வொரு வகுப்புக்கும் சான்று வாங்க லீவு போட்டு அலைந்தார். ஸ்வாதி ஏழாவது படித்தபோது மாடசாமிக்கு அத்திப்பள்ளியில் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை. தங்க ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள். ஒரு வருடம் அங்கே இருந்தார்கள். குடோனை மூடியதும் திரும்பி வந்துவிட்டார்கள். அந்தப் பள்ளிக்கும் போய் அக்கா சான்று வாங்கி வந்தார்.

"பாரு சுகுணா, எவ்வளவு பளிச்சுன்னு குத்திருக்காவ."

ஊதா வட்டம். உள்ளே கன்னட எழுத்து. அதைப் பார்த்ததும் ஏதோ கேட்க வேண்டும் போலிருந்தது. படித்த ஆசிரியையே ஒன்றும் சொல்லவில்லை, அக்கா அலைந்து வாங்கியிருக்கிறார், எட்டாவது படித்தவள் நடுவில் என்ன கேட்பது? "நல்லா இருக்குதுங்கக்கா" என்றேன். கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க அப்போது இன்னும் நான்கு நாள் இருந்தது.

சான்றிதழ் சரிபார்ப்பு கிருஷ்ணகிரியில். மாடசாமிக்கு ஷிப்ட். "ஒத்தையில போவப் பயமா இருக்கு, நீயும் வாரியா?" என்று அக்கா கேட்டார். போனேன்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் அமைதியான மனிதர். ஒவ்வொரு தாளாகப் புரட்டி வந்தவர் ஊதா வட்டத்தில் நின்றார்.

"ஏழாவது எங்கம்மா படிச்சுது?"

"அத்திப்பள்ளி, சார்."

"அது கர்நாடகால்ல?"

"எங்க வீட்ல இருந்து பஸ்ஸுல இருவது நிமிசம் சார். அதுவும் கவுருமெண்டு பள்ளிக்கூடந்தான். சோறு போட்டாவ, புஸ்தகம் குடுத்தாவ. சீலப் பாருங்க."

"சீல் சரியாத்தான் இருக்குது. ஆனா ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் தமிழ்நாட்டுல படிச்சிருக்கணும்மா. ஒரு வருசம் எல்லை தாண்டிப் போயிருந்தாலும் இந்த ஒதுக்கீட்டுல வராது. பாப்பா பொதுப் பட்டியல்ல கலந்துக்கலாம்."

அக்கா சிரித்தார். அந்த அதிகாரி விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அக்காவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. வாய் மட்டும் சிரித்தபடியே இருந்தது.

"இவ ஏழாவது படிக்கையில இந்தச் சட்டம் உண்டுமா, சார்?"

"இல்லம்மா. ஒதுக்கீடே அதுக்கப்புறம் வந்ததுதான்."

ஸ்வாதி அதிகாரியின் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தாள்களை அடுக்கினார். அடுக்கிய தாள்களில் பாதி தலைகீழாக இருந்தன. நான்தான் வாங்கித் திருப்பி வைத்தேன்.

திரும்பும் வழியில் பஸ் சூளகிரியில் நின்றது. அங்கே ஆட்கள் இறங்கி ஏறும்போது ஸ்வாதி சொன்னாள். "அந்த ஸ்கூல்ல நான் கன்னடத்துல தொண்ணூறு வாங்கினேம்மா."

"தெரியும்" என்றார் அக்கா.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மாடசாமி செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "வாடகை இல்லாத ரூமுன்னு நாந்தான கூட்டிட்டுப் போனேன்" என்றார்.

"நீங்க என்ன செய்வீய? ரோடு ஒண்ணாத்தான ஓடுது. எந்த எடத்துல ஊரு மாறுதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அக்கா.

பொதுக் கலந்தாய்வில் தூரத்துத் தனியார் கல்லூரி ஒன்றில்தான் இடம் வந்தது. அந்தக் கட்டணம் இவர்களால் ஆகாது. ஸ்வாதியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கலைக் கல்லூரிக்கு விண்ணப்ப நாள் முடிந்து பல வாரம் ஆகியிருந்தது. மிச்ச இடங்களுக்கு மறுபடி விண்ணப்பம் கேட்டபோது போனார்கள். எலக்ட்ரானிக்ஸ் நிரம்பிவிட்டது. இயற்பியலில் இரண்டு இடம் இருந்தது.

கன்னட முத்திரையைப் பார்த்தும் வாய் திறக்காமல் விட்ட அந்த நான்கு நாளைப் பற்றி நான் அக்காவிடம் இதுவரை சொல்லவில்லை. முன்கூட்டியே போட்டிருந்தால் எலக்ட்ரானிக்ஸாவது கிடைத்திருக்கும்.

ஸ்வாதி இப்போது பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அக்கா அதே கம்பெனியில் போர்டுகளுக்கு ஈயம் வைக்கிறார்.