வேன் அடுப்புக்கு எவ்வளவு அழுத்தம்?

அறுபத்தெட்டாம் வருஷக் கடைசி. பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு கேஸ் அடுப்புக் கடையில் ஃபிட்டராகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தங்கவயல் சுரங்கத் தொழிலாளி வீட்டில் முதலில் படித்து டிப்ளமா வாங்கியவன் நான்.

அன்று காலை, ஜெர்மனியிலிருந்தே ஓட்டி வந்த வேன் ஒன்று கடை முன் நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் உண்டு. ஒரு கணவன், மனைவி. கொண்டுவந்த கேஸ் தீர்ந்துவிட்டதாம்.

"டிப்ளமா, நீயே பாருப்பா. இது சரியா வந்தா திங்கக்கிழமையிலிருந்து பர்மனென்ட்" என்றார் முதலாளி.

அவர்கள் ரெகுலேட்டர் நம் சிலிண்டரில் பொருந்தவில்லை; நம் ஊர் சிலிண்டரையும் ரெகுலேட்டரையுமே மாட்டினேன். ஒவ்வொன்றையும் கணவரிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே மனைவியைக் கை காட்டினார். எனக்கோ முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசக் கூச்சம். மறுபடியும் அவரிடமே சொன்னேன்.

பற்றவைத்தால் தீ சோர்ந்து எரிந்தது.

"ஏனப்பா, இதுல பீடி கூடப் பத்தாது போலிருக்கே!" என்றார் முதலாளி.

பதறிப்போய், பர்னரில் கேஸ் வரும் துளையைப் பெரிதாக்க நூல் மாதிரியான ட்ரில் பிட்டை எடுத்துக் குனிந்தேன்.

"நோ!" அந்த அம்மா என் கையைப் பிடித்துவிட்டார்.

அடுப்பின் தகட்டைக் காட்டினார்: அழுத்தம், தண்ணீர் மட்டக் கணக்கில் 500 மில்லிமீட்டர். நம் ரெகுலேட்டரில் 300. அடுப்பு கேட்ட அழுத்தம் வேறு, நான் கொடுத்தது வேறு. துளையைப் பெரிதாக்கியிருந்தால், என்றைக்காவது அவர்கள் தங்கள் ரெகுலேட்டரை மாட்டும்போது தீ வேன் கூரையைத் தொட்டிருக்கும்.

அவர்கள் ஊரில் கேஸ் ஃபிட்டர் அந்த அம்மாதானாம்! கணவர் பாட்டு வாத்தியார். அவரிடம் சொன்னால் அதையும் பாட்டாக்கிவிடுவார் என்று அந்த அம்மா சிரித்தார்.

ஓட்டல் அடுப்புக்கென்று வைத்திருந்த, திருகி அழுத்தம் மாற்றும் ரெகுலேட்டரைக் கொண்டுவந்தேன். அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் குழாயை 'ப' போல வளைத்துத் தண்ணீர் ஊற்றினார். மட்டம் தெரியவில்லை. நான் கடையின் சாமி படத்தடியிலிருந்து குங்குமம் எடுத்துக் கலந்தேன். குழாயின் ஒரு முனையைக் கேஸ் வரும் வழியில் செருகி, இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் ஐநூறு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும்வரை அவர் சொல்லச் சொல்லத் திருகினேன்.

குப்பென்று நீலத் தீ! கணவர் பாடவே ஆரம்பித்துவிட்டார். அதிலேயே எல்லோருக்கும் காபி.

"சார், சரி பண்ணது அந்தம்மாதான்" என்றேன் முதலாளியிடம்.

"பார்த்துக்கிட்டுதானேப்பா இருந்தேன்! ட்ரில்லைக் கீழ வச்சுட்டுக் கத்துக்கிட்டே இல்ல? திங்கக்கிழமை சீக்கிரம் வா."

இன்றும் எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும், அடுப்பைப் பற்றித் தெரிந்தவர் யாரென்று கேட்ட பிறகே என் பையைத் திறக்கிறேன்.