இரண்டாம் மாடி அதிர்வு

வேலையாட்கள் அவளை 'நாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடத்துக்கு நாடி பார்க்கிற இன்ஜினியர். இடிக்கும்போது சுவர்கள் எவ்வளவு அதிர்கின்றன என்று பார்த்து, எல்லை மீறினால் வேலையை நிறுத்துவது அவள் பொறுப்பு. வீட்டில் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு, "இதுக்கு எவ்வளவு வந்துச்சு மேடம்?" என்று கணவர் வம்பிழுப்பார்.

அந்த ஐந்து மாடிக் குடியிருப்பில் கேஸ் வெடித்து ஒரு பக்கம் பிளந்து கிடந்தது. ஒட்டினாற்போல் பிரசவ ஆஸ்பத்திரி இருந்ததால், மேலிருந்து மாடி மாடியாகத்தான் இடித்தார்கள். அவள் தளத்துக்குத் தளம் சென்சார் ஒட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் வேனுக்குள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் நாள் சாப்பாட்டு நேரத்திலேயே அது வந்தது. இடிப்பு வண்டி அணைந்து, ஆட்கள் எல்லாரும் வெளியே நிழலில் இருந்தார்கள். திரையில் இரண்டாம் மாடிக் கோடு மட்டும் மெல்லத் துடித்தது. கொஞ்ச நேரம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. காற்றாக இருக்கும் என்றார் மேஸ்திரி. தெருவில் போகும் லாரியா, ஆஸ்பத்திரி ஜெனரேட்டரா என்று அவளும் பார்த்தாள்; எதுவும் பொருந்தவில்லை. சென்சாரை மாற்றினாள். மறுநாளும் அதே துடிப்பு. இடையிடையே அது நின்ற விதம்தான் அவளை உறுத்தியது. காற்று அப்படி யோசித்து யோசித்து நிற்காது.

மூன்றாம் நாள் கோடு துடிக்கத் தொடங்கியதும், தான் திரும்பும்வரை வண்டியைக் கிளப்பக் கூடாது என்று சொல்லிவிட்டு மேஸ்திரியோடு படியேறினாள். இரண்டாம் மாடியில் ஒரு வீடு திறந்து கிடந்தது. வெளிச்சுவர் இல்லாத அறை, எங்கும் சாம்பல். மூலையில் ஒரு தையல் மிஷின். அதன் எதிரே ஒரு பெரியவர் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஷின் சக்கரம் அப்போதுதான் சுற்றி ஓய்ந்தது. மிதிபலகையில் படிந்த சாம்பலில் ஒரு தடம்கூட இல்லை.

அது அவர் வீடு; வெடிப்பில் மனைவியைப் பறிகொடுத்தவர். எத்தனை நாளாக இங்கே வந்து மிதிக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள்.

"இன்னைக்குத்தாம்மா வந்தேன். தெருவுல போனேன், சத்தம் கேட்டுச்சு. நான் எங்க மிதிக்கிறது? அவ யாரையும் தொட விடமாட்டா."

மேஸ்திரி பெரியவர் கையைப் பிடித்துப் படியிறக்கினார். மிஷினையும் இறக்கினால்தான் வேலை நடக்கும் என்றாள் அவள். காரணம் கேட்ட கான்ட்ராக்டரிடம், தளம் பாரம் தாங்காது என்று கூசாமல் புளுகினாள். கிரேனில் கட்டி இறக்கி, பெரியவரின் மகள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு கோடு அசையவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு கீறல் விழாமல் கட்டடமும் தரைமட்டமானது.

சில மாதங்கள் கழித்து, மனம் கேட்காமல் பெரியவரைப் பார்க்கப் போனாள். அப்பா நடக்கப் போயிருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்று மகள் உட்காரவைத்தாள்.

"மிஷின் உள் ரூம்ல இருக்கு. பெல்ட்டக் கழட்டி வச்சுட்டோம். அதுக்கப்புறமும் கீழ் வீட்டுக்காரங்க, மதியத்துல யாரு தைக்கிறாங்கன்னு கேட்டாங்க."

மகள் தண்ணீர் எடுத்துவர எழுந்து போனாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. நாடி, தரையில் பதித்திருந்த பாதங்களை மெல்லத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள்.