பூஜைக்குத் தேய்த்த லைட்டு

டார்ச் லைட்டின் தலையைக் கழற்றி, கண்ணாடியில் வாயால் ஆவி ஊதி, வேட்டி முனையால் ஒரு சுற்றுத் துடைத்து, திரும்பப் பூட்டிச் சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறார் செல்லப்பன். திருப்தியில்லை. மறுபடி கழற்றுகிறார். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் செந்துறை டென்ட் கொட்டகை வாசலில் இந்தக் காட்சி இலவசம். உள்ளே ஓடும் படத்துக்குத்தான் டிக்கெட்.

படம் ஆரம்பித்த பிறகு வருகிறவர்களை இருட்டில் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைப்பது அவர் உத்தியோகம். பதினோரு வருஷமாக இதேதான். "ஏம்மா, ஒரு டிக்கெட்ட வாங்கிட்டுப் பாதி ஊருக்கு எடம் போட்டு வச்சிருக்கீங்களே, தள்ளி ஒக்காருங்க" என்பார். அந்தம்மாவும் சிரித்துக்கொண்டே தள்ளுவாள். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. கதை என்னவென்று கேட்டால், "எவனுக்குத் தெரியும்? நான் சனங்கள இல்ல பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று கையை விரிப்பார்.

லைட் முதலாளியுடையது. அதை அவரிடம் யாரும் ஞாபகப்படுத்திவிடக் கூடாது, மூக்கு சிவந்துவிடும். மூன்று பேட்டரிக் கட்டை போடுகிற நீள லைட். வீட்டுக்கு எடுத்துப் போய்த் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். வாசலில் டிக்கெட் கிழிக்கும் அய்யாக்கண்ணுவுக்கு அதன் மேல் ஒரு கண். "கொஞ்சம் குடுண்ணே, அடிச்சுப் பாத்துட்டுத் தரேன்" என்று ஒருநாள் கேட்டே விட்டான். "நீ டிக்கெட்டக் கிழிச்சா போதும், இதையும் கிழிச்சிடாத" என்று பதில் வந்தது.

இப்படிப்பட்ட மனுஷருக்குப் போன ஆயுத பூஜையன்று புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது. கொட்டகை ஆபரேட்டர் படம் காட்டும் மெஷினைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தார். நம்மவருக்குப் பொறுக்குமா? வீட்டுக் கொல்லையில் மனைவி பூங்காவனம் புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். லைட்டோடு போய் அவள் பக்கத்தில் குந்தினார். வெளித்தகட்டைத் தேய்த்தார். கண்ணாடியைத் தேய்த்தார். அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம்! பல்பைச் சுற்றி உள்ளே இருக்கிற வெள்ளிக் கிண்ணத்தையும் கழற்றி, தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டு, பித்தளைச் சொம்பு விளக்குவது போல அழுத்தி நாலு சுற்று.

"அய்யய்யோ! அதுல ஏங்க கைய வச்சீங்க? வெறும் பூச்சுங்க அது!" என்று பூங்காவனம் அலறினாள்.

"நீ ஒன் வெளக்கப் பாரு" என்றார்.

கழுவிப் பார்த்தால், முகம் பார்க்கலாம் போல இருந்த கிண்ணத்தில் பூனை பிறாண்டிய மாதிரி கோடுகள். ஓரிடத்தில் பூச்சே போய்விட்டிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவினார். மங்கலோடு பிசுக்கும் சேர்ந்தது. பல்பொடி போட்டுத் தேய்த்தார். புதுக் கோடுகள் கிடைத்தன. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை ஒட்டிப் பார்த்தார். வெளிச்சம் நாலு துண்டாகக் கிழிந்து விழுந்தது. பாவம், அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

"என்ன செல்லப்பா, லைட்டு அழுது வடியுது?" என்று அன்றைக்கு ஆட்டத்தின்போது முதலாளி கேட்டார். செல்லப்பனைக் கேட்காமலே அவர் வாய் பதில் சொல்லிவிட்டது: "கட்டை சரியில்லீங்க மொதலாளி."

புதுக் கட்டை வந்தது. அதே அழுகை. "இதுவும் சரியில்லீங்க." மறுபடி வந்தது. மூன்றாம் முறை முதலாளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செல்லப்பன் மேல் இல்லை, கட்டை விற்ற கடைக்காரர் அய்யம்பெருமாள் மேல். "பழைய சரக்க நம்ம தலையில கட்டிட்டான்யா. வா, நீதான் சாட்சி."

காலை பதினோரு மணி வெயிலில் முதலாளி முன்னால் போக, லைட்டை மார்போடு அணைத்துக்கொண்டு செல்லப்பன் பின்னால் போனார். உண்மையைச் சொன்னால் லைட் அய்யாக்கண்ணு கைக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாத அய்யம்பெருமாள் கடைத்தெருவில் மானம் கெடுவார். செல்லப்பனை வாய் நிறைய "அண்ணே" என்று கூப்பிடுகிற மனுஷர் அவர். கடை ஏன் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று செல்லப்பனுக்கு ஆத்திரமாக இருந்தது.

"இத்தனை வருசமா விக்கிறேன், ஒருத்தரும் ஒரு கொறை சொன்னதில்லீங்க மொதலாளி" என்று அய்யம்பெருமாள் பதறினார்.

"இந்தா நிக்கிறான் பாரு, இவனையே கேளு."

"சொல்லுங்கண்ணே. எங் கட்டையா கெட்டுப்போச்சு?"

செல்லப்பன் லைட்டை மார்பிலிருந்து எடுத்தார். லைட்டின் தலையைத் திருகிக் கழற்றினார். கண்ணாடியை எடுத்து மேஜை மேல் வைத்தார். கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி முதலாளியிடம் நீட்டினார்.

"கட்டை நல்ல கட்டைங்க. நாந்தான் பூசைக்குன்னு சாம்பல் போட்டு வெளக்கிப்புட்டேன்."

முதலாளி அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் குங்குமம் வேறு ஒட்டியிருந்தது. முதலில் அவருடைய தொந்திதான் குலுங்கியது, அப்புறம்தான் சிரிப்பு வெளியே வந்தது.

"அடுத்த வருசம் பொட்டு மட்டும் வைய்யி, போதும்" என்றார். அய்யம்பெருமாள் பக்கம் திரும்பி, "மனசுல வச்சுக்காதப்பா, எந் தப்புதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த வருஷமா! அப்படியானால் லைட் எங்கேயும் போகவில்லை! கிண்ணத்தையும் கண்ணாடியையும் பதறப் பதற மாட்டி, தலையை இறுக்கினார் செல்லப்பன். முதலாளி கடைப்படியில் கால் வைக்கப் போனார். செல்லப்பன் முந்திக்கொண்டு கீழே குதித்து, அந்தப் பட்டப்பகலில், குனிந்து அவர் காலடிக்கு லைட் அடித்தார்.