மூன்று பேருக்கும் ஒரே புடவை

எனக்குத் தேதிகள் மறப்பதில்லை. ஆனால் அவற்றை நான் ஞாபகம் வைத்திருக்கும் விதம் சரித்திரம் எழுதுகிறவர்களுக்குப் பிடிக்காது. 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியதே, அது கருநீலப் புடவை, வெள்ளைக் கரை. யுத்தம் முடிந்தபோது கட்டியிருந்தது, ரேஷனில் அளந்து கொடுத்த கண்ட்ரோல் துணி. நிறம் என்று அதற்கு ஒன்றும் இல்லை, கோணிச்சாக்குக்குத் தங்கை முறை. சுதந்திரம் பாசிப்பச்சை. முதல் சலவையிலேயே சாயம் போயிற்று. அதற்கு நான் எந்த உள்ளர்த்தமும் கற்பிக்கவில்லை.

இந்தப் புடவைகள் எல்லாவற்றையும் என்னோடு சேர்ந்து இன்னும் இரண்டு பெண்கள் கட்டினார்கள். அதுதான் விஷயம்.

ராயபுரத்தில் அண்ணன் தம்பி மூன்று பேரின் குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் நடு மருமகள். என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் வேலையில் இருந்தார். சரக்கு ஒரே மாதிரி இருந்தால் எண்ணுவது சுலபம் என்பது அவர் அங்கே கற்ற பாடம். அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் தனியாக வண்ணாரப்பேட்டைக்குப் போய் மூன்று புடவை எடுத்து வருவார். ஒரே நிறம், ஒரே கரை, ஒரே விலை. "வூட்டுக்கு வந்த பொண்ணுங்களுக்குள்ள பேதம் கூடாது" என்று, சட்டசபையில் பேசுகிறவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார்.

ஆண்களுக்குள் பேதம் இருக்கலாம் போலிருக்கிறது. அவருக்கு ஜரிகைக் கரை வேட்டி, என் கணவருக்குச் சாதா வேட்டி, கடைசித் தம்பிக்குக் கால்சட்டைத் துணி. அதைப் பற்றி யாரும் தொண்டையைச் செருமியதில்லை.

நாங்கள் மூவரும் மூட்டைகள் மாதிரி இருந்திருந்தால் பரவாயில்லை. மூத்த ஓரகத்தி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், நல்ல சிவப்பு. அகலமும் அதற்கேற்ற மாதிரி. இளையவள் குள்ளம், உருண்டை முகம், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. நான் கறுப்பு, உயரம், ஒல்லி. மூன்று பேரையும் ஒரே துணியில் சுற்றி நிறுத்தினால் ஏதோ நாடகத்தில் ஆள் பற்றாமல் கிடைத்தவர்களைச் சேவகர்களாக நிறுத்தியதுபோல் இருக்கும். கொடியில் காயும் புடவைகளில் எது யாருடையது என்று வண்ணான் போட்ட குறியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். அக்கா ஒரு புள்ளி, இளையவள் மூன்று புள்ளி. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு நான் யார் என்று யாராவது கேட்டிருந்தால், இரண்டு புள்ளி என்று சொல்லியிருக்கலாம்.

நந்தன வருஷம் மாசி மாதம், அதாவது 1953 தொடக்கத்தில், திருவொற்றியூர்த் தேருக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அந்த வருஷம் அரக்குச் சிவப்பு. தேர் திரும்பும்போது கூட்டம் நெருக்கியது. என் கணவர் தேரைப் பார்த்தபடியே பின்னால் கையை நீட்டி, அரக்குச் சிவப்பு முந்தானைக்குள்ளிருந்த ஒரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். தெருக்கோடி வரை நடந்தார். சும்மா நடந்தாலும் பரவாயில்லை, பேசிக்கொண்டே நடந்தார்.

"நாளைக்கு நீ சமைச்சுடு. அந்தச் சின்னவ வெச்ச கொழம்பு வாயில வெக்க முடியல. உப்பு டப்பாவக் கவுத்துட்டாளா இன்னா?"

"மாமா, நான்தான் அந்தச் சின்னவ" என்றாள் இளையவள்.

அவர் கையை விட்ட வேகத்தில் பக்கத்தில் பலூன் விற்றவன் தடுமாறினான் என்று அவளே பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னாள். வீடு ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஒருநாள் அவருக்குச் சோறு போடும்போது மட்டும் கேட்டேன்.

"இத்தினி வருசமா என்னை எத வெச்சு அடையாளம் கண்டுகினு இருந்தீங்க?"

"இன்னா கேள்வி இது? பொடவதான்" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

கேலிக்குச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னார். அன்றே முடிவு செய்தேன். ஊரில் வேறு எவளும் கட்டியிராத, எனக்கென்று ஒரு புடவை வேண்டும். கூட்டத்தில் அந்த மனிதர் பார்க்காமல் கையை நீட்டினாலும் தவறாமல் அகப்பட வேண்டும்.

சித்திரை பிறந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை, சீட்டுப் பணத்தை முடிந்துகொண்டு ஜட்கா பிடித்து வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். மூத்தார் வாடிக்கையாக எடுக்கும் கடை. வேறு கடை எனக்குத் தெரியாது என்பதே நான் இருந்த நிலைமை. கடைக்காரர் வயதான பாய், எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்து மூன்று பேரையும் பார்த்திருக்கிறவர். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்கம்மா, வாங்க. மூணு பொடவ வூடு தானே? அண்ணன் வரலியா?" கேட்டுக்கொண்டே மூன்று மூன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தார்.

"ஒண்ணு போதும் பாய்."

கை நின்றது. குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணா? வூட்ல... ஏதனா ஆயிடுச்சா?"

"எல்லாரும் நல்லா கீறாங்க."

"அப்ப பாகம் பிரிச்சுட்டீங்களா?"

"அதெல்லாம் இல்ல பாய். எனக்கு ஒரு பொடவ வேணும். எனக்கு மட்டும்."

சாவும் இல்லை, சொத்துத் தகராறும் இல்லை என்று நிச்சயமானதும் பாய் மூச்சு விட்டார். "பேஜாரு ஒண்ணும் இல்லேன்னா சரி. இன்னா கலரு வேணும்?"

நாற்பத்தொரு வயதில் நிற்கிறேன். வாடகை நூல் நிலையத்துப் புத்தகங்களில் முக்கால்வாசி படித்தவள். எந்த வருஷத்தில் எந்தச் சண்டை நடந்தது என்று கேட்டால் சொல்வேன். எனக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறேன்.

பத்திரிகைத் தொடர்கதைகளில் வரும் பெண்கள் இளநீலப் புடவையில் ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விடுவார்கள். அதை நம்பி இளநீலம் கேட்டேன். தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். சலவை செய்த தலையணை உறையை அடுப்பங்கரைச் சுவரில் மாட்டியதுபோல் இருந்தது. அந்தக் கதைகளை எழுதுகிறவர்களுக்கு என் மாதிரி கறுப்பாக யாரையும் தெரியாது போலிருக்கிறது. ஊதா போட்டேன், முகம் காணாமல் போயிற்று. வெளிர் பச்சையில் நேற்றுத்தான் ஜுரம் விட்டவள் போல் இருந்தேன். பாய் சலிக்காமல் பிரித்துப் போட்டார். மத்தியானம் முழுவதும் இருந்தேன். தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். அப்போதும் நான் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் மேல் தட்டிலிருந்து அதை எடுத்தேன். கடுகு மஞ்சளில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கட்டம். தோளில் போட்டதும் கண்ணாடியில் ஒருத்தி நின்றாள். யாரோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்படி நின்றாள்.

பாய் தலையை ஆட்டினார். "இத எல்லாரும் கட்ட முடியாதும்மா. ரெண்டு வருசமா கெடக்குது. உங்களுக்குத்தான் நிக்கிது."

நான் பயந்துவிட்டேன். வீட்டில் என் பெண்ணுக்குக் கல்யாண வயது, நான் கட்டம் போட்ட மஞ்சளில் தெருவில் போவதா? மடித்து வைத்துவிட்டு, வெங்காயத் தோல் நிறத்தில் ஒன்று எடுத்துக்கொண்டேன். நல்ல புடவை, பயந்தவர்கள் எடுக்கும் புடவை.

அதைக் கட்டிக்கொண்டு கூடத்தைக் கடந்தபோது மூத்தார் பேப்பருக்கு மேலே பார்த்தார். என்னிடம் நேரே பேசமாட்டார். எனக்குக் காது கேட்கும் தூரத்தில் அக்காவிடம் கேட்டார். "இன்னா, புதுசா கீது?"

"அவ சீட்டுப் பணம், அவ எடுத்துகினா" என்றாள் அக்கா. அவள் நல்லவள்தான்.

மூத்தார் பேப்பரை மடித்தார். அந்த வாரமே வண்ணாரப்பேட்டைக்குப் போய், அதே வெங்காயத் தோல் நிறத்தில் இன்னும் இரண்டு வாங்கி வந்து பலகைமேல் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். பேதம் தீர்ந்தது.

அக்காவின் சிவப்புக்கு அந்த நிறம் எப்படிப் பொருந்தியது என்று சொல்லாமல் இருக்க முடியாது. அவளுக்காகவே யாரோ வெங்காயம் உரித்ததுபோல் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்காவுக்கு எடுத்ததிலயே உனக்கும் ஒண்ணு எடுத்துட்டாரா? பரவால்ல, உங்க மூத்தாருக்கு மனசு தாராளம்" என்றாள்.

அந்த 1953-லேயே, விஜய வருஷம் புரட்டாசியில் ஆந்திரம் தனி மாகாணமாகப் பிரிந்தது. எல்லை எது, யாருக்கு எது என்று பேப்பர் முழுக்க அதே பேச்சு. எங்கள் வீட்டில் புடவை நிறம் கூடப் பிரியவில்லை. ஆனால் மூத்தார், வெங்காயத் தோலுக்குக் கிடைத்த பாராட்டில் மனம் குளிர்ந்துபோய், அக்காவிடம் சொல்லி எனக்கு ஒரு பதவி கொடுத்தார்.

"தீவாளிக்கு இந்தத் தபா நடுவுல கீறவளே போய் எடுத்தாரட்டும். அவளுக்குக் கண்ணு நல்லா கீது. மூணும் ஒண்ணா இருக்கணும், அவ்ளோதான்."

ஐப்பசி முதல் வாரம் போனேன். பாய் சிரித்த முகமாக வரவேற்றார். "எத்தினி?"

"மூணு."

"அல்லா காப்பாத்தினான். எல்லாம் பழையபடி ஆச்சு. எது காட்டட்டும்?"

மேல் தட்டைக் காட்டினேன். கடுகு மஞ்சள், உள்ளங்கைக் கட்டம்.

பாய் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "இதுல மூணுமா? பெரிய அம்மா நல்ல செவப்பாச்சே. அவங்களுக்கு இது..."

"மூணும் பாய். வூட்டுக்கு வந்த பொண்ணுங்களுக்குள்ள பேதம் கூடாது."

அவர் வியாபாரி. இரண்டு வருஷத்துக்கு மேலாகக் கிடந்த சரக்கு. மூன்றையும் மடித்துக் கட்டிக் கொடுத்தார்.

தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மூவரும் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தோம். அக்கா, கதவடைத்த கோடவுனுக்கு மஞ்சள் அடித்து ஜன்னல் வைத்ததுபோல் இருந்தாள். அவள் சிவப்பெல்லாம் எங்கேயோ போய், மஞ்சள் முகத்தில் ஏறியிருந்தது. இளையவள் மூன்று கட்டத்தில் முடிந்துபோனாள்.

"இன்னாடி எடுத்துகினு வந்துகீற? கண்ணாடில பாத்தா எனக்குக் காமால கண்டா மாதிரி கீது" என்றாள் அக்கா.

"எல்லாருக்கும் ஒரே பொடவதானேக்கா" என்றேன்.

இளையவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு மட்டும் எப்பிடிக்கா நல்லா கீது?" என்று கேட்டாள். வழக்கமான சிரிப்பு வரவில்லை. அவள் கொஞ்சம் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

அக்கா கணவரிடம் முறையிட்டாள். அவர் வந்து மூன்று புடவைகளையும், மூட்டையில் குறி பார்ப்பதுபோல், கரையோடு கரை ஒப்பிட்டுப் பார்த்தார். "மூணும் ஒண்ணுதானே? அப்புறம் இன்னா?" என்று பட்டாசு கொளுத்தப் போய்விட்டார். இருபது வருஷமாக அவர் சொல்லிவந்த நியாயத்துக்குள் குற்றம் கண்டுபிடிக்க அவருக்கே இடமில்லை.

பொங்கலுக்குள் அக்காவின் புடவை மெத்தை உறையாயிற்று. மெத்தைக்கு நன்றாகவே இருந்தது. இளையவள் தன்னுடையதை எண்ணூரில் இருந்த தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். வீட்டில் பேதம் பார்க்காமல் வாங்கிய மூன்று புடவையில் கட்டுவதற்கு மிஞ்சியது ஒன்று. இரண்டு புள்ளி.

அந்த மாசியிலும் திருவொற்றியூர்த் தேருக்குப் போனோம். அக்காவும் இளையவளும் பழைய வெங்காயத் தோல் கட்டியிருந்தார்கள். தேர் திரும்பும் இடத்தில் அதே நெருக்கல். நான் அவர்களை விட்டு ஒதுங்கி, வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி நின்றேன். என் கணவர் தேரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் இடித்ததும் திரும்பினார். நேரே வந்து என் கையைப் பிடித்தார். இந்தத் தடவை குழம்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சென்ற வருஷத்து அனுபவம்.

தெருக்கோடிக்கு வந்ததும் கேட்டேன். "இவ்ளோ கூட்டத்துல எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க?"

"பொடவதான்" என்றார். "இத வேற எவ கட்டுவா?"

இருபத்து நான்கு வருஷத்தில் அந்த மனிதர் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் சரியானது அது ஒன்றுதான்.