அத்தை டச்பேட் பழகிய குறுவை

சேற்று வாசனை அடிக்கும் லேப்டாப்பை யாராவது பார்த்திருக்கிறீர்களா... எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது.

வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில்தான் நான் வாழ்க்கைப்பட்டேன். கல்யாணமாகி மூன்றாவது மாதம் என் வீட்டுக்காரர் சிங்கப்பூருக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார். போகும்போது தன் பழைய லேப்டாப்பையும் ஒரு நெட் டாங்கிளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அப்போது நான் முழுகாமல் இருந்தேன். எனக்கு அம்மா இல்லை, கீழ்வேளூரில் அப்பா மட்டும்தான். அதனால் பிரசவமும் மாமியார் வீட்டில்தான் என்று ஆயிற்று.

வீட்டில் நானும் அத்தையும். அத்தை என்றால் என் மாமியார். மாமா தவறிப்போன பிறகு நிலத்தைத் தானே நின்று பார்த்துக்கொண்டவர். அதிகம் பேசமாட்டார்.

விளக்கு வைத்த பிறகு வீடியோ கால் வரும். ஒரே பாயில், தோளோடு தோள் இடிக்க உட்காருவோம். "சாப்டியாப்பா... அங்க மழையா" என்று அத்தை கேட்பார். நான் சிரித்துக்கொண்டே இருப்பேன். புதுசாகக் கல்யாணம் ஆனவள், மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது? சொல்ல நினைத்ததெல்லாம் தொண்டையிலேயே நிற்கும்.

ஒருநாள் மத்தியானம். குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. அத்தை வயலிலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு நேராக என் எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தப் பொட்டிய எனக்கும் கத்துக்குடும்மா."

"எதுக்குத்தே... நான்தான் போட்டுத் தர்றேனே."

"நீ போட்டுக் குடுத்தா நீயும் பக்கத்துல உக்காந்திருக்கணும்ல. நானா போட்டு எம்புள்ளகிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டு எந்திரிச்சுப் போயிடுறேன். அப்புறம் நீ ஆற அமரப் பேசு."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவர் என்னைப் பார்க்காமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மவுஸ் கிடையாது. டச்பேட் மட்டும்தான். முதல் நாள் மாவு பிசைகிற மாதிரி அழுத்தினார். ஈரம் காயாத விரல்... திரையில் அம்பு அங்கும் இங்கும் துள்ளியது. "அழுத்தாதீங்கத்தே, சும்மா தடவுங்க" என்றேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தடவினார். விரல் டச்பேடின் ஓரத்துக்கு வந்து நின்றது. அம்பு திரையில் பாதி வழியில் நின்றது.

"வரப்பு வந்துடுச்சேம்மா. இனிமே எங்க போறது?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விரலை எடுத்துவிட்டு மறுபடி இந்த ஓரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று காட்டினேன். அத்தையும் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. அத்தையின் ஆள்காட்டி விரல் நுனி காய்ப்புக் காய்த்துக் கிடந்தது. டச்பேட் அதை விரலாகவே மதிக்கவில்லை. அவரே ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, கடைசியில் மோதிர விரல்தான் சரிவரும் என்று கண்டுபிடித்தார். அதன் பிறகு தடங்கலே இல்லை. அத்தை தானே வீடியோ கால் போட்ட அன்று அந்தப் பக்கம் மகன் திகைத்துப்போய், "யாரும்மா போட்டுக் குடுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் போடல. நாந்தான்."

சொன்னபடியே ரெண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்து, "மாட்டுக்கு வைக்கோலு போடணும்" என்று கொல்லைப் பக்கம் போய்விட்டார். தினமும் அப்படித்தான். நாங்கள் பேசி முடிக்கும்வரை திரும்பி வரமாட்டார்.

குறுவை அறுப்பு நேரத்தில் எனக்குக் கால் வீங்கி, பிரஷர் ஏறிவிட்டது. காரில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

"அத்தே, அவுங்கள ஒரு தடவ பாக்கணும்."

அத்தை துணிப்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். புறப்படுகிற அவசரத்திலும் அதை மறக்காமல் எடுத்து வைத்திருக்கிறார். என் ஒரு கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது, இன்னொரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தேன். அவரே டாங்கிளைச் செருகி, ஸ்டூலில் வைத்து மோதிர விரலால் தடவினார். மணி அடித்து அடித்து நின்றது. வேலை நேரம், அவர் எடுக்கவில்லை. நர்ஸ் வந்து "நேரமாச்சும்மா" என்றார்.

"ஒரு நிமிசம் இரும்மா. எம்புள்ள எடுப்பான்."

மறுபடி போட்டார். இந்தத் தடவை தலையில் ஹெல்மெட்டோடு அவர் முகம் வந்தது. என்ன பேசினோம் என்று நினைவில்லை. "அம்மா இருக்காங்கல்ல... பயப்படாத" என்றது மட்டும் நினைவிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டேதான் உள்ளே போனேன்.

கண் விழித்தபோது அறையில் அத்தையின் குரல் கேட்டது. குழந்தையைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாத்துக்க. ஒன் மூக்குதான்... ஏண்டா அழுவுற? அவ நல்லாருக்கா. இந்தா, கண்ணு முழிச்சிட்டா பாரு."

லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். குழந்தையை என் அருகில் படுக்க வைத்தார். பிறகு வழக்கம்போல வெளியே போய்விட்டார்.

மகன் இப்போது ஏழாவது படிக்கிறான். அவர் ஊரோடு வந்து விவசாயத்தைப் பார்க்கிறார். லேப்டாப் எப்போதோ உயிரை விட்டது. வீட்டில் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை. அத்தையும் அவர் பாட்டுக்குப் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருப்பார். தனியாக இருக்க இடம் தேடி அன்று எவ்வளவு பாடு... இன்று இடம் தாராளமாகக் கிடக்கிறது.

நேற்று சாயங்காலம் சும்மா போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்லத்தே."

போனை ஓரமாக வைத்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.